புறப்பாடு இல்லாத வீடு

பல்செட்டுக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கைவேலைதான். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சின்ன அறையில், மேசை விளக்கடியில், யாருடைய வாயையோ கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருப்பார். அப்படி இருந்து இருந்து, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை எதையாவது பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஒரு தவிப்பு வந்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போயிருப்பார்கள். அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமமும் வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு விமானம் கட்ட ஆரம்பித்தார்.

ஒரே ஒருவர் உட்காரக்கூடிய சின்ன விமானம். மரச்சட்டம், மேலே துணி. கார் கொட்டகையில் அது வளர்ந்தது. எஞ்சினை மனைவியின் பழைய காரிலிருந்து இறக்கினார். மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். "நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வரேன். வீட்டுல எனக்கு இன்னொரு ஸ்டீயரிங் வேண்டாம், எடுத்துக்கோங்க" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

எஞ்சினில் கவலைப்பட வேண்டிய உறுப்பு கிராங்க் ஷாஃப்ட். காரில் அதற்குச் சுகமான வாழ்க்கை. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக்கிப் பின்னால் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. விமானத்தில் அதன் முனையிலேயே புரொப்பெல்லரைக் கட்டித் தொங்கவிடுகிறோம். விமானம் திரும்பும்போதெல்லாம், சுழல்கிற புரொப்பெல்லர் திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்த அடமெல்லாம் கிராங்கின் கழுத்தில் இறங்கும். கழுத்து உடம்போடு சேருகிற மூலை கூராக இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். பொய்ப்பல்லும் அப்படித்தான் விரியும் என்பதால் பல்செட்டுக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனைவியின் அக்காள் கணவர், அதாவது அவருடைய சகலை, கிரைண்டிங் பட்டறை வைத்திருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூலைகளையெல்லாம் வளைவாக இழைத்தார்கள். அம்மோனியா உலையில் வைத்து மேல்தோலைக் கெட்டிப்படுத்தினார்கள். புரொப்பெல்லரின் அடத்தைத் தாங்குவதற்காக முனையில் கூடுதலாக ஒரு பேரிங்குக்கு இடம் செய்தார்கள். படுக்க வைத்தால் தன் எடையிலேயே வளைந்துவிடும் என்று கிராங்கைக் கொட்டகை உத்தரத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டார்கள். எண்ணெய் பூசிய அந்த உருப்படியைப் பார்க்கப் பார்க்க இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பல்செட்டுக்காரர் நேர்மையானவர். இல்லத் தயாரிப்பு வானூர்தி ஆணையம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, இன்ன மாதிரி ஒரு கிராங்கை மாற்றியமைத்திருக்கிறேன், வந்து பார்த்து அனுமதி தரவேண்டும் என்று எழுதிப் போட்டார்.

"சத்தமில்லாம ஒரு சுத்து பறந்துட்டு வந்து இறங்கிடுங்க. எவன் கேக்கப் போறான்?" என்றாள் மனைவி.

"கேட்டா என்ன சொல்றது?"

"இப்ப கேக்காதவனை நீங்களே கூப்பிட்டு, வந்து கேளுங்கறீங்க."

அவள் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. ஆணையத்தில் இயக்குநர் இருந்தார், இணை இயக்குநர்கள் இருந்தார்கள், ஓடுபாதைப் பிரிவு, பறவை விரட்டும் பிரிவு எல்லாம் இருந்தன. ஒரு விமானம்தான் இல்லை. ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு வந்த முதல் விண்ணப்பம் அவருடையதுதான்.

கார்கள் வரிசையாக வந்து தெருவை அடைத்தன. கையில் பூங்கொத்தோடு ஓர் ஆய்வாளர் இறங்கினார். கொட்டகைக்குள் போய், தொங்குகிற கிராங்கின் முன்னால் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா படத்துலதான் சார் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டினார். 'பறக்கத் தடை' என்று எழுதியிருந்தது.

"ஏன் சார், ஏதாவது தப்பா?"

"தப்பா இருந்தா தூக்கிப் போடச் சொல்லிட்டுப் போயிருப்பேனே! நல்லா இருக்கு. அதனாலதான் தடை. சோதனை முடியற வரைக்கும்." ஆய்வாளர் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். தடை செய்யப்பட்ட உறுப்பு இருந்தா அது தடுத்து வைக்கப்பட்ட விமானம். தடுத்து வைக்கப்பட்ட விமானம் எங்க நிக்குதோ அது விமான நிலையம். விதி ரொம்பத் தெளிவா இருக்கு."

பல்செட்டுக்காரர் அதை ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை மனைவி சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கேட்டில் ஒரு காவலர் நின்றிருந்தார்.

"எங்க மேடம் போறீங்க?"

"டூட்டிக்கு."

"எந்த விமானம்?"

"விமானமா? பஸ்ஸுப்பா."

"இது விமான நிலையம் மேடம். இங்கிருந்து விமானத்துலதான் புறப்பட முடியும்."

"நேத்து நான் நடந்துதானே உள்ள வந்தேன்?"

"அது வருகை. வருகைக்குத் தடையே இல்லை. புறப்பாடுதான் இன்னும் ஆரம்பிக்கலை."

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முதல் விமானம் கிளம்பினதும்."

"அதுக்குத்தானே நீங்க தடை போட்டிருக்கீங்க?"

"அதனாலதான் மேடம் தாமதம். சிரமத்துக்கு வருந்தறோம்" என்றார் காவலர். உண்மையிலேயே வருந்தினார். நல்ல மனிதர்.

இந்த நேரத்தில் சகலை, செய்து முடித்த பேரிங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து, "அத்தான், வராதீங்க, வராதீங்க!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். வரவேற்கிறாள் என்று நினைத்து அவரும் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். காவலர் அவருக்கு சல்யூட் அடித்து, வருகைப் பயணி என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு மளமளவென்று முன்னேறியது. கூடத்தில் இருந்த சோபாவை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகளைப் போட்டார்கள். சமையலறைக்குப் போகிற வழியில் சோதனைக் கதவு வந்தது. மனைவி தட்டோடு அதைத் தாண்டும்போதெல்லாம் அது கத்தியது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாண்டவேண்டும், தட்டு தனியாக வரும். குளியலறைக்குப் போக வரிசை ஏற்பட்டது. வேளா வேளைக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், இன்று புறப்பாடு எதுவும் இல்லை என்று இனிமையாக அறிவித்தது. பறவை விரட்டும் பிரிவினர் மாடியில் ஏறி நின்று கைதட்டினார்கள். ஆணையத்து ஆட்கள் ஆளுக்கொரு நிலையப் பணியாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டில் போய் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அட்டை கிடையாது. அவர்கள் பயணிகள்.

பல்செட்டுக்காரர் தன் அறையில் உட்கார்ந்து வேலையைத் தொடரப் பார்த்தார். அச்சுகள் உள்ளே வந்தன, பற்கள் வெளியே போக முடியவில்லை. அலமாரியில் வரிசையாக ஊர்க்காரர்களின் சிரிப்பு சேர்ந்துகொண்டே போனது. ஊருக்குள் பலர் வாயைப் பொத்திக்கொண்டு பேசத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி.

அவர் ஆய்வாளரிடம் போனார். "சார், அந்தக் கிராங்கை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு வேண்டாம்."

"தடுத்து வைச்ச விமானத்தை நகர்த்தக் கூடாது சார்."

"அப்ப நானே ரம்பத்தால அறுத்துப் போட்டுடறேன்."

ஆய்வாளர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது விமானத் தகர்ப்பு சார். உங்களைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க."

"இப்ப எங்க இருக்கேன்?"

ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பயணிகள் கூடத்துல" என்றார்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், கொல்லைப்புறச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். குதித்த இடத்தில் ஓடுபாதைப் பிரிவினர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையாகக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கே விசாரணை நடந்தது. சுவரிலிருந்து தரைக்கு வரும் வரை அவள் இரண்டு காலும் எங்கேயும் ஊன்றியிருக்கவில்லை என்பதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். விமான நிலைய எல்லைக்குள், அனுமதியின்றி, எஞ்சினும் இல்லாமல் பறந்த குற்றத்துக்காக அவள் உரிமத்தை ரத்து செய்தார்கள். பறக்கிற உரிமம் அவளிடம் இல்லாததால் இருந்த உரிமத்தை, பேருந்து ஓட்டுகிற உரிமத்தை, வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவள் போல இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். பல்செட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் பேச்சைக் கேட்டிருக்கணும்" என்றார்.

"அதை விடுங்க. பஸ்ல கடைசி ஸ்டாப் வந்ததும் எல்லாரும் இறங்கிடுவாங்க. நான் ஒருத்தி மட்டும் கண்ணாடியில பின்னால பார்ப்பேன், காலியா இருக்கும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த வீடு எப்பங்க காலியாகும்?"

அவர் எழுந்து நேராக ஆய்வாளரிடம் போய், என்ன சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள், உடனே செய்யுங்கள் என்றார்.

"உடைக்கிற சோதனை ஒண்ணுதான் சார் இருக்கு. கிராங்க் உடையற வரைக்கும் அழுத்துவோம். உடைஞ்சாத்தானே எவ்வளவு தாங்கும்னு தெரியும்?"

"உடைஞ்சா?"

"தகுதி இல்லை."

"உடையலைன்னா?"

"சோதனை முடியலை."

சகலை எழுந்து போய்க் கொட்டகை வாசலை மறித்து நின்றுகொண்டார். அந்த மூலைகளை இழைத்தவர் அவர். பல்செட்டுக்காரர் மனைவி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "உடைங்க" என்றார். கிராங்க் போனால் விமானம் போகும். விமானம் போனால் இவர்களும் போவார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை நாளன்று வாசலில் பந்தல் போட்டார்கள். அழுத்து இயந்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. இயக்குநரே வந்து மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நமது ஆணையம் தொடங்கிய நாள் முதல் ஒரு விபத்துகூட நிகழ்ந்ததில்லை. உலகில் வேறெந்த நாட்டு ஆணையமும் மார்தட்ட முடியாத சாதனை இது. எப்படி முடிந்தது? ஒரு விமானத்தையும் நாம் பறக்க விட்டதில்லை. வானம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று மக்கள் நம்மைக் கேட்கிறார்கள். அண்ணாந்து பாருங்கள் என்று சொல்கிறேன். காலியாக இருக்கிறது! விமானத்தில் ஏறியவர்களைக் காப்பாற்றுவது யாராலும் முடியும். ஏறவே முடியாமல் காப்பாற்றுவது நம்மால் மட்டுமே முடியும்."

பலத்த கைதட்டல். பறவைகள் கலைந்து பறந்தன.

கிராங்கை இறக்கி இயந்திரத்தில் பொருத்தினார்கள். ஆபரேட்டர் கைப்பிடியில் கை வைத்தார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறத் தொடங்கியபோது, ஓடுபாதைப் பிரிவின் தலைவர் இயக்குநரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, இது உடைஞ்சுட்டா?"

"உடைஞ்சா தகுதியில்லைன்னு எழுதிடுவோம்."

"விமானமே இருக்காதே ஐயா. விமானம் இல்லைன்னா நிலையம் இல்லை. நிலையம் இல்லைன்னா நாங்க எல்லாரும்…"

இயக்குநரின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினார். முள் இறங்கியது. சோதனை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கிப் பெண் அறிவித்தாள். கிராங்கை மறுபடி கொண்டுபோய் உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு காவலரும் நியமிக்கப்பட்டார்.

பல்செட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மனைவி உட்காரவில்லை. காரில் ஏறப்போன இயக்குநரின் குறுக்கே போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். நாங்க பஸ் ஓட்டறவங்க. ஆளே ஏறாத ரூட்டை ஒரு வருஷம் பார்ப்பாங்க, அப்புறம் எடுத்துடுவாங்க. புறப்பாடே இல்லாத விமான நிலையத்தை உங்க மேலிடம் எத்தனை நாள் விட்டு வைக்கும்?"

இயக்குநர் காரில் வைத்த காலை எடுத்துவிட்டார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு புறப்பாடு" என்றார் மெல்ல. "ஒண்ணே ஒண்ணு. கிளம்பி ஒரு சுத்து சுத்திட்டு இங்கேயே வந்து இறங்கிடணும். வேற எங்கேயும் இறங்கக் கூடாது. இறங்கற இடமெல்லாம் விமான நிலையமாயிடும், பார்த்துக்கோங்க."

சகலையும் பல்செட்டுக்காரரும் கிராங்கை எஞ்சினுக்குள் இறக்கினார்கள். முனை பேரிங்கைப் பொருத்தி, புரொப்பெல்லரை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. சிவப்பு அட்டைதான் சிக்கல். அதை அகற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லை, விமானத்தோடு அது இருந்தாக வேண்டும். ஆய்வாளர் யோசித்து அதைப் பல்செட்டுக்காரரின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். எரிபொருள் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால், பாதுகாப்பைக் கருதிக் கொஞ்சமாகத்தான் ஊற்ற அனுமதித்தார்கள்.

வீட்டுக்கு முன்னால் தெரு நேராக நீண்டு கிடந்தது. சகலை இறக்கையைப் பிடித்து நேராக்கிவிட்டார். மனைவி பயணி என்பதால் கேட்டுக்கு உள்ளேயே நின்றாள்.

"திரும்பும்போது கண்ணாடியைப் பாருங்க" என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விமானம் ஓடியது, குலுங்கியது, குலுக்கல் நின்றது. தெரு கீழே போய்விட்டது.

பல்செட்டுக்காரர் பார்த்தார். கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், கயிற்றில் காயும் துணிகள், அதற்கப்பால் வயல்கள், அதற்கப்பால் நீலமாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் சுவர் இல்லை. மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். புரொப்பெல்லரின் அடம் கிராங்கின் கழுத்தில் இறங்குவது உள்ளங்கை வரை தெரிந்தது. கழுத்து தாங்கியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் சொந்தப் பற்களோடு அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சுற்று முடிந்து தெருவுக்கு நேராக வந்தார். தெரு நடுவில் மேடை இருந்தது. புறப்பாட்டுக்குப் பிந்தைய பாராட்டு விழா. மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார், தெரு நிறைய நாற்காலிகள். அவ்வளவு உயரத்திலிருந்தும் இயக்குநரின் வாய் திறந்து மூடுவது அவருக்குத் தெரிந்தது. தொழில் பழக்கம். ஆய்வாளர் ஓரமாக நின்று, இன்னொரு சுற்று போய் வாருங்கள் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினார்.

இன்னொரு சுற்று போய் வந்தார். வாய் மூடவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் மூடவில்லை. எரிபொருள் முள் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு மைதானத்தில் பெண்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே இறங்கினால் இவர்கள் இனி வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று நினைத்து மேலே எழும்பினார். ஒரு வயலில் ஒருவர் மட்டும் தனியாக மண்வெட்டியோடு நின்று, அண்ணாந்து கையசைத்தார். இவருக்கு மனம் வரவில்லை. எஞ்சின் ஒருமுறை இருமியது. அப்போதுதான் மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைக் கட்டடமும், அதற்கு முன்னால் விரித்துப் போட்ட பாய் போல ஒரு புல்வெளியும் தெரிந்தன. நீளமான, சமமான, யாருமே கால் வைக்காத புல்வெளி. கட்டடத்தின் நெற்றியில் ஆணையத்தின் பெயர் ஆளுயர எழுத்தில் இருந்தது.

அவர் நெடுநேரம் யோசித்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்க எரிபொருள் இல்லை.

விஷயம் தெரிந்து இயக்குநர் காரில் பறந்து வந்தார். அவர் பின்னால் எல்லாப் பிரிவுகளும் வந்தன. காவலரும் வந்து, பழக்கத்தில், தலைமையகத்தின் கேட்டில் நின்றுகொண்டார். எல்லோரும் உள்ளே வந்தார்கள். வருகைக்குத் தடை இல்லை.

"முதல்ல இதை இங்கிருந்து எடுங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

பல்செட்டுக்காரர் இருக்கையில் உட்கார்ந்தபடியே சிவப்பு அட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். "தடுத்து வைச்ச விமானத்தை நகர்த்தக் கூடாது சார்."

ஆய்வாளர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் விதி தெரிந்தவர்.

இருட்டுகிற நேரத்தில் இயக்குநர் வீட்டுக்குக் கிளம்பிக் கேட்டுக்குப் போனார். காவலர் சல்யூட் அடித்தார், கேட்டைத் திறக்கவில்லை.

"எந்த விமானம் ஐயா?"

"யோவ், நான் இயக்குநர்! இதோ பார் அட்டை."

"இது அந்த நிலையத்து அட்டை ஐயா. இது புது நிலையம்."

"அப்ப புது அட்டை கொண்டா. நானே கையெழுத்துப் போடறேன்."

"வருகைப் பயணிக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லீங்களே ஐயா. சிரமத்துக்கு வருந்தறோம்."

இயக்குநர் திரும்பி வந்து புல்வெளியில் பல்செட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடெல்லாம் எப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டார். சோதனைக் கதவில் தட்டைத் தனியாக அனுப்புவது எப்படி என்று பல்செட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் செல்போன் அடித்தது. மனைவி.

"இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன். ஆனா வர நாளாகும் போலிருக்கு. நீ எங்க இருக்கே?"

"தெருவுல."

"தெருவுலயா? எங்க போறே?"

"எங்கேயும் போகலை. அத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்பிட்டார். கேட்டுல யாரையும் காணோம், வெளிய வந்தேன்." அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்று, காத்திருந்து, புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. "சும்மா நிக்கறேங்க."